குளிரைக் கணக்கிடும் மரங்கள்



தொடக்கப்பள்ளி அறிவியலில் தாவரங்களின் துலங்கல் பற்றி ஒரு பாடம் உண்டு. ஒளி வரும் பக்கம் தண்டு வளைகிறது. நீர் இருக்கும் பக்கம் வேர் செல்கிறது. தொட்டவுடன் தொட்டாற்சுருங்கி இலையை மடிக்கிறது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் இவற்றோடு முடிந்துவிடும். இப்பாடத்தை நடத்தும்போதெல்லாம் யாரேனும் ஒரு மாணவர் எழுந்து, "அப்படின்னா காட்டுல இருக்கிற பெரிய மரத்துக்கு ஒன்னும் தெரியாதா சார்?" என்று கேட்டுவிடுவார். நல்ல கேள்வி. விடையை ஒரு வரியில் சொல்லிவிட முடியாது. நம் நாட்டுக் காட்டு மரங்கள் எதை உணர்கின்றன, எதற்குத் துலங்குகின்றன என்பதைக் கண்டறிய ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது. அந்த வரலாற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். காலநிலை மாற்றம் என்றால் வடதுருவத்துப் பனிக்கரடியை மட்டும் படம் காட்டும் வழக்கம் நம் வகுப்பறைகளில் இன்னும் மாறவில்லை. நம் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள காட்டில் நிகழ்வதைப் பிள்ளைகள் அறியவேண்டாமா?

பருவம் இல்லாத நாடா?

மலேசியாவில் நான்கு பருவங்கள் இல்லை. ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் என்றே நாம் சொல்லித் தருகிறோம். அது பொய்யன்று. ஆயினும் தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு வேறொன்றும் தெரிந்திருக்கும். மழை குறையும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பால்மரங்கள் இலையை முற்றாக உதிர்த்துவிட்டுச் செந்தளிர் விடும். பால் குறையும், கூலியும் குறையும். இன்றைய பிள்ளைகளுக்கு அது தெரியாது. ஆனால் சாலையோரத்துத் தெக்கோமா மரங்களைத் தெரியும். நீண்ட வெயிலுக்குப் பிறகு இலையே இல்லாமல் இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கும் அம்மரங்களின்கீழ் நின்று படம் எடுக்காத குடும்பம் குறைவு. டுரியான் விளைவிப்போரைக் கேட்டாலும், சில வாரம் மழை நிற்காமல் டுரியான் பூக்காது என்பர்.

ஆக, வறட்சி ஒரு சைகை. இதை ஊரார் எவரும் அறிவர். எளிதில் கண்ணுக்குத் தெரியாத இரண்டாவது சைகை ஒன்று உண்டு. அதுதான் குளிர்.

நம் பகுதியில் மரக்கிளைகளில் ஒட்டி வளரும் புறா ஆர்க்கிட் என்னும் சிறிய வெள்ளைப் பூச்செடியை நீங்கள் பார்த்திருக்கலாம். அது ஓர் ஊர் முழுவதும் ஒரே நாளில் பூக்கும்; மறுநாளே வாடிவிடும். ஒரே நாளில் பூப்பது எப்படி? பெருமழை ஒன்று பெய்து வெப்பநிலை திடீரெனச் சில டிகிரி இறங்கினால், அதிலிருந்து ஒன்பதாம் நாள் பூ மலர்கிறது. மொட்டு முன்பே உருவாகி, குளிரின் சைகைக்காக உறங்கிக் காத்திருக்கிறது. 1920களில் ஜாவாத் தீவில் இது முறையாக ஆராயப்பட்டது. வெப்பமண்டலச் செடிக்கும் குளிர் ஒரு சைகையாகலாம் என்பது அன்றே தெரிந்துவிட்டது. ஆனால் ஐம்பது மீட்டர் உயர மரத்திற்கும் அது பொருந்துமா என்று கேட்க இன்னும் அறுபது ஆண்டுகள் ஆயின.

காடே கூடிப் பூக்கும் ஆண்டு

நம் தாழ்நில மழைக்காடுகளின் முதன்மை மரங்கள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. மெராந்தி, கெருயிங், கப்பூர், செங்கால், பாலாவ் எல்லாம் அதில் அடங்கும். காய்க்கு இறகு போன்ற உறுப்பு இருப்பதால் கிரேக்க மொழியில் 'இரு சிறகுக் கனி' என்று பொருள்படும் பெயரை இக்குடும்பத்திற்கு இட்டனர். நாமும் இங்கே இருசிறகுக் கனிக் குடும்பம் என்றே சொல்லிக்கொள்வோம்.

நம் முன்னோருக்கு இக்குடும்பம் புதிதன்று என்பதை இடையில் சொல்லிவிடுகிறேன். குங்கிலியம் தரும் மரங்கள் இக்குடும்பத்தவையே. சுமத்திராவின் பாருஸ் துறைமுகம் புகழ்பெற்றதே கப்பூர் மரத்தின் கற்பூரத்தால்தான். அதன் அருகே லோபு துவாவில் 1088ஆம் ஆண்டுக்குரிய தமிழ்க் கல்வெட்டை நட்டவர்கள் ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர். வரலாற்றுப் பாடத்தில் கடாரம், ஸ்ரீ விஜயம் என்று படிக்கும் வணிகத்தின் ஒரு பொருள் இக்காட்டில் விளைந்தது.

இம்மரங்களின் வியப்பு அவற்றின் உயரத்தில் இல்லை, பூக்கும் முறையில் இருக்கிறது. பெரும்பாலானவை ஆண்டுதோறும் பூப்பதில்லை. இரண்டாண்டு, ஐந்தாண்டு, சிலபோது பத்தாண்டு வரைகூடக் காடு ஏறக்குறைய வாளாவிருக்கும். பிறகு ஓராண்டில், சில மாத இடைவெளிக்குள், நூற்றுக்கணக்கான இனங்கள் ஒன்றாகப் பூத்துத் தள்ளும். இருசிறகுக் கனிக் குடும்பம் மட்டுமன்று, வேறு பல குடும்பங்களும் அதில் சேர்ந்துகொள்ளும். மலைத்தேனீக் கூட்டங்கள் வந்து சேரும். பிறகு இறகுள்ள காய்கள் சுழன்று சுழன்று தரையை மூடும். இதைப் பெருமலர்ச்சி என்போம். உலகில் வேறெந்த மழைக்காட்டிலும் இவ்வளவு பெரிய அளவில் இப்படி நிகழ்வதில்லை.

எதற்காக இந்தக் கூட்டுப் பூப்பு? டேனியல் ஜான்சன் என்னும் அமெரிக்கர் 1974இல் ஒரு விளக்கம் தந்தார். விதை தின்னும் காட்டுப்பன்றி, எலி, வண்டு முதலியவை நீண்ட பஞ்சத்தால் எண்ணிக்கையில் குறைந்திருக்கும். திடீரென விதைவெள்ளம் வந்தால் அவை தின்று தீராது, மிச்சம் முளைக்கும். ஒரு மரம் தனித்துப் பூத்தால் அதன் விதை முழுவதும் தின்னப்படும். ஆகவே எல்லாரும் ஒரே நேரத்தில் பூக்கவேண்டும். அதற்கு எல்லா மரமும் கேட்கக்கூடிய ஒரு மணியோசை வேண்டும். பள்ளி மணி அடிக்காமல் ஐந்நூறு பிள்ளைகளை ஒரே நேரத்தில் திடலுக்கு வரவைக்க முடியுமா? அதுபோலத்தான்.

அந்த மணி எது என்பதே கேள்வி.

கெப்போங்கும் சைமிங்டனின் நூலும்

முதலில் இக்கேள்வியைக் கேட்டவர்கள் வனத்துறையினர். அவர்களை இயற்கைக் காதலர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். அவர்களுக்கு மரம் என்றால் பலகை. பலகை என்றால் வருவாய். ஆனால் கணக்கறிந்தவர்கள். வெட்டிய காடு மீண்டும் வளரவேண்டுமானால் தரையில் நாற்று இருக்கவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

1918இல் மலாயாவின் முதல் வன ஆராய்ச்சி அலுவலராக பாக்ஸ்வொர்த்தி நியமிக்கப்பட்டார். ஆய்வு நிலையம் அமைக்க 1926இல் அவர் தேர்ந்தெடுத்த இடம் கெப்போங். அது காடாக இருக்கவில்லை. ஈயம் தோண்டிய குட்டைகளும் காய்கறித் தோட்டங்களும் கிடந்த பாழ்நிலம். 1929இல் நிலையம் எழுந்தது. சுற்றிலும் நாட்டு மரங்கள் நடப்பட்டன. இன்று கெப்போங்கிற்குச் சுற்றுலா போகிறவர்கள் 'இயற்கைக் காடு' என்று வியக்கும் பெரும்பகுதி மனிதர் நட்டது. இதைப் பிள்ளைகளிடம் தவறாமல் சொல்லுங்கள். நடுகையின்போது எந்த மரம் எந்த இனம் என்று குறித்துவைத்ததால்தான் அது பின்னாளில் ஆய்வுக்கு உகந்த இடமாயிற்று.

அங்கே வனத் தாவரவியலராக இருந்தவர் சைமிங்டன். பூ கிடைக்காத மரத்தை எப்படி அடையாளம் காண்பது என்பது அவரது சிக்கல். தாவரவியல் நூல்களோ பூவை வைத்தே இனம் பிரித்தன. இம்மரங்களோ பல்லாண்டுக்கு ஒருமுறைதான் பூத்தன. எனவே பட்டை, பிசின், உதிர்ந்த இலை ஆகியவற்றைக் கொண்டே இனம் காணும் வழிகளை அவர் காட்டில் நடந்து நடந்து தொகுத்தார். அந்நூல் அச்சேறும் வேளையில் போர் வந்தது. ஜப்பானியர் ஆட்சியின்போது 1943இல் அது வெளிவந்தது. அதே ஆண்டில் சைமிங்டன் ஆப்பிரிக்காவின் நைஜீரியாவில் காலமானார். 2004இல் அந்நூல் திருத்திய பதிப்பாக மீண்டும் வந்தது. திருத்தியவர்கள் பீட்டர் ஆஷ்டன், எஸ். அப்பண்ணா ஆகிய இருவர். இவ்விரு பெயர்களையும் நினைவில் வையுங்கள், மீண்டும் வருவார்கள்.

போருக்குப் பின் 1948 முதல் மலாயாவில் ஒரு வெட்டுமுறை நடைமுறைக்கு வந்தது. பெருமரங்களை ஒரே தடவையில் வெட்டிவிடுவது. தரையில் ஏற்கெனவே முளைத்து நிற்கும் மெராந்திக் கன்றுகள் வெளிச்சம் பெற்று வளர்ந்துகொள்ளும் என்பது அதன் அடிப்படை. அதற்கு முன்நிபந்தனை, வெட்டுமுன் கன்றுகளை எண்ணிப்பார்ப்பது. கன்று வேண்டுமென்றால் காய் வேண்டும். காய் வேண்டுமென்றால் பெருமலர்ச்சி வேண்டும்.

ஏன் கன்றை நம்பினார்கள், விதையைச் சேமித்து வைத்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். சேமிக்க முடியாது. மெராந்தி விதைக்கு உறக்கம் கிடையாது. விழுந்த சில நாள்களில் முளைக்கும். முளைக்காவிட்டால் சில வாரங்களில் செத்துவிடும். நெல்லைப் போலக் குதிரில் போட்டுவைக்கும் விதையன்று அது. காட்டின் சேமிப்பெல்லாம் தரையில் நிழலில் காத்திருக்கும் கன்றுகளே. அவையும் நாளடைவில் ஒவ்வொன்றாக மடியும். அடுத்த பெருமலர்ச்சி வந்து நிரப்பினால்தான் உண்டு. இந்த ஒரு செய்தி விளங்கினால் இக்கட்டுரையின் மீதிப் பகுதி தானே விளங்கும்.

அண்ணாந்து பார்த்தவர்கள்

மலர்ச்சியின் காரணத்தை அறிய, முதலில் அது எப்போது நிகழ்ந்தது என்ற பட்டியல் வேண்டும். 1960களில் உலு கோம்பாக்கில் உயர்ந்த மரமொன்றில் மேடை அமைத்து, அதன்மேல் ஏறி நின்று சுற்றியுள்ள மரங்களின் தளிர், பூ, காய் ஆகியவற்றைக் குறித்தார்கள். மெட்வே பிரபு 1972இல் வெளியிட்ட அப்பதிவில் 61 மரங்கள் இருந்தன. மழைக்காட்டிற்கும் பருவம் உண்டு என்பதை எண்களோடு காட்டிய முன்னோடிப் பணி அது.

அதனினும் நீண்டது கெப்போங் பதிவேடு. 1976இல் கெப்போங்கில் பெருமலர்ச்சி வந்தது. அதைப் பற்றி பிரான்சிஸ் இங் அடுத்த ஆண்டே எழுதினார். அந்த 1976ஆம் ஆண்டு முதல் 2010 வரை, நிலையத்து மரங்களை மாதந்தோறும் பார்த்துக் குறித்த விவரங்கள் நமக்குக் கிடைக்கின்றன. 41 குடும்பங்களைச் சேர்ந்த 210 இனங்கள். அலுவலர்கள் தொலைநோக்கியோடு மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்து, பூ உண்டா, காய் உண்டா என்று எழுதினார்கள். 35 ஆண்டுகள்! அலுவலர் மாறினர், பிரதமர்கள் மாறினர், நிலையமே 1985இல் மலேசிய வன ஆய்வுக் கழகமாக மாறியது. பதிவேடு நிற்கவில்லை. நாள்பாடக் குறிப்பேட்டைப் பத்தாண்டு விடாமல் எழுதியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இரண்டு டிகிரிக் குளிர்

பூவைப் பார்ப்பதோடு, அதன் மகரந்தத்தை யார் கடத்துகிறார்கள் என்பதையும் கண்டறிய வேண்டியிருந்தது. அப்பண்ணாவும் அவருடன் பணியாற்றிய சானும் நெகிரி செம்பிலானின் பாசோ காட்டில் அதை ஆராய்ந்து 1981இல் வெளியிட்டார்கள். பல மெராந்தி இனங்களுக்கு மகரந்தத் தூதர் யார் தெரியுமா? கண்ணுக்கே அரிதாகத் தெரியும் இலைப்பேன்! பெருமலர்ச்சி இல்லாத ஆண்டுகளில் அவை வேறு பூக்களில் சிறு எண்ணிக்கையில் வாழும். மெராந்தி மொட்டு விட்டவுடன் அதில் முட்டையிட்டு, எட்டு நாளுக்கொரு தலைமுறையாகப் பெருகும். மாலையில் விரியும் பூ காலையில் சுழன்று உதிரும். உள்ளே இலைப்பேனும் தரைக்கு வரும். அடுத்த மாலையில் அது மகரந்தத்தோடு மேலே பறந்து புதிய பூவைச் சேரும். நெருங்கிய உறவுள்ள ஆறு மெராந்தி இனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக முறைவைத்துப் பூக்கின்றன; ஆனால் காய்களோ ஏறக்குறைய ஒரே காலத்தில் முற்றுகின்றன. முதலில் பூத்தது மெல்ல முற்றுகிறது. கடைசியில் பூத்தது விரைந்து முற்றுகிறது. ஒரு தூதரை ஆறு வீட்டார் சண்டையின்றிப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. இதைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வர நேரமாயிற்று.

இனி மணியோசைக்கு வருவோம். 1988இல் ஆஷ்டன், கிவ்னிஷ், அப்பண்ணா ஆகிய மூவரும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். பெருமலர்ச்சிக்கு முன் மூன்று இரவோ அதற்கு மேலோ, இரவு வெப்பநிலை வழக்கத்தைவிட ஏறத்தாழ இரண்டு டிகிரி செல்சியஸ் தாழ்ந்திருக்கிறது. அதுவே சைகை என்றார்கள். எல் நினோ ஆண்டுகளோடு பெருமலர்ச்சி அடிக்கடி ஒத்துவருவதற்கும் இதில் காரணம் கிடைத்தது. எல் நினோவின்போது மேகம் குறைகிறது. மேகம் என்பது இரவில் பூமிக்குப் போர்வை. போர்வை விலகினால் பகலில் பெற்ற வெப்பம் வானத்தை நோக்கி வெளியேறி, விடியற்காலை குளிர்கிறது. பகல் வெயில் கடுமையாக இருக்க, இரவு மட்டும் குளிரும் விந்தை அது.

இரண்டு டிகிரி! நாம் போர்வையைக்கூடத் தேடமாட்டோம். மரம் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. வறட்சிதான் காரணம் என்று வாதிட்டவர்களும் இருந்தார்கள். அவர்களிடமும் நியாயம் இருந்தது. பின்னாளில் பாசோவில் மரங்களின் மரபணுச் செயற்பாட்டையே அளந்தபோது, பல வாரக் குளிரும் வறட்சியும் சேர்ந்து திரண்டால்தான் பூக்கும் மரபணு விழிக்கிறது என்று தெரிந்தது. இருதரப்பாரும் பாதி சரி.

இரவு சூடானபோது

இதுவரை சொன்னது மரங்களின் திறமை. இனிச் சொல்வது அத்திறமைக்கு வந்த இடர்.

கரிவளி மிகுந்தால் மரம் நன்றாக வளரும், அது மரத்தின் உணவுதானே என்று ஒரு வாதம் உண்டு. பெற்றோர் சிலர்கூட என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பாசோ காட்டில் 1980களின் நடுவிலிருந்து 50 எக்டேர் நிலத்தில், ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள கன்று முதல் எல்லா மரத்திற்கும் எண்ணிட்டு அளந்து வருகிறார்கள். ஏறத்தாழ 335,000 மரங்கள். எண்ணூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள். அப்பெரும்பணியில் மனோகரன், கொச்சும்மன் போன்ற நம் நாட்டு ஆய்வாளர்களின் பெயர்கள் முன்னிற்கின்றன என்பதை மாணவர்களிடம் சொல்லலாம். அந்த அளவைகளைப் பனாமாவின் பாரோ கொலராடோ தீவிலுள்ள அதேபோன்ற நிலத்தோடு ஒப்பிட்ட ஆய்வு 2007இல் வந்தது. இரண்டு இடத்திலும் வளர்ச்சி வேகம் கூடவில்லை, குறைந்திருந்தது. பாசோவில் பாதிக்கும் மேற்பட்ட இனங்களில் குறைவு. இரவு வெப்பம் மிகுந்த காலத்தில் வளர்ச்சி தாழ்ந்தது. காரணம் விளங்கக்கூடியதே. மரம் பகலில் உணவு சமைக்கிறது; இரவிலும் மூச்சு விடுகிறது. இரவு சூடாக இருந்தால் மூச்சுக்கே மிகுதியாகச் செலவழிகிறது. கோஸ்தாரிக்காவின் லா செல்வா காட்டிலும் 2003இல் இதையே கண்டிருந்தனர்.

வறட்சியோ கொல்லவும் செய்தது. 1997-98 எல் நினோவைப் புகைமூட்டத்திற்காக நாம் நினைவில் வைத்திருக்கிறோம். சரவாக்கின் லம்பிர் காட்டில் வழக்கமாக ஆண்டுக்கு 0.89 விழுக்காடாக இருந்த மர இறப்பு, 1998 வறட்சியின்போது 6.37 விழுக்காட்டு வேகத்திற்கு உயர்ந்தது. பூக்கச் சொல்லும் அதே வானிலை, அளவு மீறினால் வெட்டிச் சாய்க்கும் என்பதற்கு இது சான்று.

இவை எல்லாவற்றையும்விட என்னைத் தடுத்து நிறுத்தியது 2022இல் வெளியான ஓர் ஆய்வு. ஜப்பானிய, மலேசிய ஆய்வாளர்கள் கெப்போங் பதிவேட்டின் 35 ஆண்டுகளையும் எடுத்து, வானிலைப் பதிவுகளோடு பொருத்திப் பார்த்தனர். 1976 முதல் 2010 வரை, பூக்கும் இனங்களின் விகிதமும் காய்க்கும் இனங்களின் விகிதமும் குறைந்து வந்திருந்தன. இருசிறகுக் கனிக் குடும்பத்து இனங்களுள் 57 விழுக்காடு, வறட்சி, குளிர் ஆகிய இரண்டுக்கும் துலங்குபவை. அதாவது, வறட்சி மட்டும் வந்து குளிர் வராவிட்டால் அவை பூக்கமாட்டா. அடுத்து எதிர்காலத்தைக் கணித்தார்கள். உலகம் கரிவளி வெளியீட்டை நன்றாகக் கட்டுப்படுத்தினால் ஒரு கணிப்பு. கட்டுப்படுத்தாமல் விட்டால் இன்னொரு கணிப்பு. இரண்டிலும், தாய்லாந்து தொடங்கிப் போர்னியோ வரை, அந்தக் குளிர்ச் சைகை அரிதாகிறது.

கெப்போங் இன்று கோலாலம்பூரின் விளிம்பு. நகரத்தின் சூடும் அதில் கலந்திருக்காதா என்று கேட்பது நியாயமே. அதனால்தான் பாசோ, லம்பிர் போன்ற நகரத்திற்கு எட்டிய காடுகளின் பதிவுகளும் தேவைப்படுகின்றன. எல்லா இனமும் ஒரே மாதிரி பாதிக்கப்படும் என்றும் ஆய்வு சொல்லவில்லை. வறட்சியை மட்டும் நம்பும் இனங்கள் தப்பிக்கலாம். ஆனால் அப்போது கூட்டு உடையும். சில இனம் பூக்க, சில இனம் உறங்க, விதைவெள்ளம் ஓடையாகச் சுருங்கும். சுருங்கிய விதையைத் தின்று தீர்க்க ஆளிருக்கிறது. முறைவைத்துப் பூக்கும் ஆறு மெராந்திகளில் இரண்டு தவறினால் இலைப்பேன் என்ன செய்யும்? இது என் ஐயம். விடை சொல்லும் தகுதி எனக்கில்லை.

மரம் நடந்து போகுமா?

குளிர் வேண்டுமானால் மலைமேல் ஏறிவிடலாமே என்பார்கள். காடுகள் முற்காலத்தில் இடம்பெயர்ந்ததுண்டு. அதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளும் தொடர்ச்சியான நிலமும் இருந்தன. மெராந்திக் காய் இறகோடு சுழன்றாலும் பெரும்பாலும் தாய்மரத்திலிருந்து சில பத்து மீட்டருக்குள் விழுந்துவிடும். அக்கன்று வளர்ந்து பூக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். தலைமுறைக்குச் சில பத்து மீட்டர் நடப்பவர் எப்போது மலை ஏறுவார்?

நிலமும் தொடர்ச்சியாக இல்லை. பாசோவில் வெட்டப்படாத நடுக்காடு சுமார் 600 எக்டேர்தான். மூன்று பக்கமும் செம்பனை. அதற்கு முன்பு நம் பாட்டன்மார் நட்ட பால்மரங்களும் இதுபோன்ற தாழ்நிலக் காடு இருந்த இடங்களில்தான் நின்றன. வெட்டச் சொன்னவர் யார், வெட்டியவர் யார், பயன் பெற்றவர் யார் என்பது தனி வரலாறு. அதை இன்னொரு நாள் எழுதவேண்டும். இன்று எஞ்சியிருக்கும் காட்டுத் தீவுகளிலிருந்து மரம் வெளியே நகர வழியில்லை என்பதே இங்குத் தேவையான செய்தி.

ஆகையால் சிலர் கன்றை எடுத்துச் சென்று நடும் வேலையைச் செய்கிறார்கள். பெருமலர்ச்சி வரும்போது காயைப் பொறுக்கி, சில நாள்களுக்குள் நாற்றங்காலில் இட்டு, கன்றாக்கி, சிதைந்த காடுகளில் நடுகிறார்கள். விதையைச் சேமிக்க முடியாததால், பூக்கும் ஆண்டைத் தவறவிட்டால் அடுத்த வாய்ப்புக்கு எத்தனை ஆண்டு என்று எவராலும் சொல்ல முடியாது. எனவே எப்போது பூக்கும் என்று முன்கூட்டியே கணிப்பது இன்று வெறும் அறிவு வேட்கை அன்று. சைமிங்டன் காலத்தில் வெட்டுவதற்காகத் தேவைப்பட்ட அதே கணக்கு, இப்போது நடுவதற்காகத் தேவைப்படுகிறது.

பாழ்நிலத்தில் எழுந்த அந்தக் கெப்போங் காடு 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பள்ளிச் சுற்றுலாவுக்கு இனிக் கூட்டம் மிகும். போகும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கப்பூர் மரங்களின்கீழ் நின்று, ஒன்றன் கிளைநுனி மற்றொன்றைத் தொடாமல் இடைவெளி விட்டு நிற்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அதை எல்லாரும் காட்டுவார்கள். அதன்பிறகு கீழேயும் பார்க்கச் சொல்லுங்கள். இறகுள்ள காய் கிடந்தால் இறகை எண்ணட்டும். மூன்று நீளம், இரண்டு குட்டை என்றால் பெரும்பாலும் மெராந்தி. இரண்டு மட்டும் நீளமாக இருந்தால் கெருயிங்காக இருக்கலாம். ஐந்தும் ஒரே நீளமென்றால் கப்பூர். நாள், மாதம், மரம் மூன்றையும் குறிப்பேட்டில் எழுதட்டும். காய் ஒன்றுமே கிடைக்காத நாளிலும் 'இல்லை' என்று எழுதச் சொல்லுங்கள். கெப்போங் பதிவேட்டில் மெராந்திகளுக்கு எதிரே மிகுதியாக இருப்பதும் அந்தச் சொல்தான்; அது எழுதப்பட்டிருந்ததால்தான், குறைந்து வருகிறது என்பதை எண்ணிச் சொல்ல முடிந்தது.